வாசலிலிருந்து வாசல் வரை

ஊருக்குப் போவது என்பது நம் போன்ற குடும்பங்களுக்கு வெறும் பயணம் அன்று. அது ஒரு கடமை. சில வேளைகளில் ஒரு நோன்பு. தங்கையின் திருமணம், குலதெய்வத்தின் கொடை, தாய் தந்தையரின் உடல்நலிவு என்று ஏதேனும் ஒன்று நம்மை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தென்திசை நோக்கி இழுக்கிறது. முன்னெல்லாம் அதற்கு வழி ஒன்றுதான்: ரயில். இன்று விமானமும் நம் கைக்கு எட்டும் பொருளாகிவிட்டது. ஆயினும், விமானத்தில் போகிறவர்கள் எல்லோரும் விரைவாகப் போய்ச் சேர்கிறார்களா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் என்ன என்பதை, வண்டிகளின் கால அட்டவணையோடு நாள்தோறும் பழகும் ரயில்வே எழுத்தன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நான் இருப்பது கரக்பூரில். ஒரு காலத்தில் உலகிலேயே மிக நீண்ட நடைமேடை என்ற பெருமை இந்நிலையத்துக்கு இருந்தது. இங்கிருந்து சென்னை செல்லக் கோரமண்டல் விரைவு வண்டி உண்டு. 1977-இல் தொடங்கப்பெற்ற அவ்வண்டி கீழைக் கடற்கரை நெடுகத் தெற்கே செல்கிறது. கன்னியாகுமரிக்கு நேரே செல்லும் வண்டியோ ஹௌராவிலிருந்து வாரத்தில் ஒரு நாள்தான். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர் அந்த ஒரு நாளைத் தவறவிட்டால், பெரும்பாலும் சென்னையில் இறங்கி வேறு வண்டி பிடிக்க நேரும். வீட்டை விட்டுப் புறப்பட்டு ஊரை அடைய இரண்டு இரவுகள் கழிந்துவிடும். ஆகவே, கையில் சற்றுப் பணம் சேர்ந்தவுடன் பலரும் விமானத்தை நாடுவதில் வியப்பில்லை.

ஆனால் விமான நிறுவனத்தார் சொல்லும் நேரம் ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொரு விமான நிலையம் வரைக்கும் உள்ளது. நம்முடைய பயணமோ ஒரு வீட்டு வாசலிலிருந்து மற்றொரு வீட்டு வாசல் வரைக்கும் உள்ளது. இந்த வேறுபாட்டைக் கணக்கிலே கொள்ளாதவர்கள்தாம் வழியில் அல்லற்படுகிறார்கள்.

கரக்பூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் கணக்கைப் பாருங்கள். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம். ஆக, வானத்தில் நாம் இருப்பது நான்கு மணி நேரமே. இனித் தரைக் கணக்கு. கரக்பூரிலிருந்து ஹௌராவுக்கு 115 கி.மீ.; லோக்கல் வண்டியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஹௌராவிலிருந்து விமான நிலையம் சேர ஒன்றரை மணி. அங்கே முன்கூட்டியே இருக்க வேண்டிய நேரம் இரண்டு மணி. சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது மூன்று மணி. வாகைக்குளத்தில் இறங்கிப் பெட்டியைப் பெற்றுக்கொண்டு நெல்லை போய்ச் சேர ஒன்றேகால் மணி. கூட்டிப் பார்த்தால் தரையிலே பத்து மணிக்கு மேல் ஆகிறது! வானத்தின் நான்கு மணியைக் குறைக்க நம்மால் இயலாது. தரையின் பத்து மணியை ஒழுங்குபடுத்துவதுதான் நம் கையில் இருக்கிறது.

அந்தத் தரைவழி இப்போது பெரிதும் மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஹௌரா நிலையத்தில் இறங்கியவுடன் டாக்சிக்காரரோடு வழக்காடிய காலம் போய், இன்று நிலத்தடியிலேயே வழி பிறந்திருக்கிறது. 2024 மார்ச்சு முதல் ஹௌராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு ஹூக்ளி ஆற்றின் அடியில் மெட்ரோ வண்டி ஓடுகிறது. தலைக்கு மேலே படகுகள் செல்ல, கீழே நாம் ஆற்றைக் கடந்துவிடுகிறோம். எஸ்பிளனேடில் மாறி, வடக்கே செல்லும் தடத்தில் நோவாபாடா வரை போக வேண்டும். அங்கிருந்து விமான நிலையத்துக்கு 2025 ஆகஸ்டு 22 அன்று புதிய தடம் திறக்கப்பட்டது. நெரிசலில் அகப்படாமல் சிறு செலவில் போய்விடலாம். ஆயின், இரண்டு இடத்தில் இறங்கி மாற வேண்டும் என்பதை மறத்தலாகாது. தோளில் ஒரு பையோடு தனியே செல்லும் இளைஞருக்கு இது நல்ல வழி. நான்கு பெட்டி, இரண்டு குழந்தைகள், ஒரு முதியவர் என்று செல்லும் குடும்பத்துக்கு டாக்சியே மேல்.

விடியற்காலை விமானம் மலிவாக இருக்கிறது என்று பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்குப் புறப்படும் விமானத்துக்கு நான்கு மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மெட்ரோவும் இல்லை. கரக்பூரிலிருந்து உரிய நேரத்தில் கொண்டு சேர்க்கும் லோக்கல் வண்டியும் இல்லை. முதல் நாள் இரவே கிளம்பி எங்கேனும் தங்க வேண்டும். அல்லது வாடகைக் கார் பேச வேண்டும். சீட்டில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, சாலையில் மூவாயிரம் ரூபாய் கொடுப்பது சிக்கனம் ஆகுமா? மலிவு என்பது சீட்டின் விலையில் இல்லை. பயணத்தின் மொத்தச் செலவில்தான் இருக்கிறது.

கட்டணத்தைப் பற்றியும் இரண்டொரு சொல் கூற வேண்டும். சாதாரண விரைவு வண்டியின் தூங்கும் வசதிப் பெட்டிக்குப் பொது ஒதுக்கீட்டில் முதல் நாளில் முன்பதிவு செய்தாலும் கடைசி வாரத்தில் செய்தாலும் கட்டணம் ஒன்றே. விமானத்தில் அவ்வாறு இல்லை. 1953-இல் விமானப் போக்குவரத்தை அரசுடைமையாக்கிய சட்டம் 1994-இல் நீக்கப்பட்டது. இப்போது நிறுவனங்கள் தத்தம் கட்டணத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. இருக்கை குறையக் குறைய விலை ஏறும். பொங்கலும் தீபாவளியும் வந்தால் இன்னும் ஏறும். நாம் ஒரே தொகையாகக் காண்பதும் உண்மையில் பல தொகைகளின் கூட்டே: அடிப்படைக் கட்டணம், நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சாதாரண வகுப்புக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஜி.எஸ்.டி. வரி என்பன அதில் அடங்கும். திருப்பித் தரப்படாத சீட்டு என்று எழுதியிருந்தாலும், பயணம் செய்யாதவருக்கு நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் அரசு வரிகளையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானத் துறையின் விதி. அதை நம்மவர் பலர் கேட்டு வாங்குவதே இல்லை.

இனி, இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இடையில் விமானம் மாறிச் செல்வோர் இரண்டு வகையாகச் சீட்டு வாங்கலாம். கல்கத்தாவிலிருந்து தூத்துக்குடி வரை ஒரே பி.என்.ஆர். எண்ணில் ஒரே சீட்டாக வாங்குவது ஒன்று. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஒன்று, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒன்று எனத் தனித்தனியே வாங்குவது மற்றொன்று. பின்னது சில நாட்களில் மலிவாகத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு உண்டு.

ஒரே சீட்டானால், வழக்கமாக நம் பெட்டி இறுதி ஊர் வரை தானே வந்து சேரும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறிப் போனால், அடுத்த விமானத்தில் நம்மை அனுப்பிவைக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. தனித்தனிச் சீட்டானால், சென்னையில் பெட்டியைப் பெற்றுக்கொண்டு, வெளியே வந்து, மறுபடி புறப்பாட்டு வாயிலில் சீட்டைக் காட்டி நுழைந்து, பெட்டியை மறுபடி ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்கு, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். முதல் விமானம் தாமதித்தது என்று நாம் சொன்னால், இரண்டாவது நிறுவனம் அதைக் கேட்க வேண்டிய கடமை இல்லை. அதன் கண்ணில் நாம் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். மேலும், ஒரே சீட்டில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாறிச் செல்பவரிடம் இடை நிலையத்தில் பயன்பாட்டுக் கட்டணம் வாங்குவதில்லை. தனிச் சீட்டு வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகையும் இல்லை.

ரயில்வேயிலும் இதுபோன்ற வசதி ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் முதல், தொடர்ந்து செல்லும் இரண்டு வண்டிகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது தவறினால், செல்லாத தூரத்தின் கட்டணத்தை விதிப்படி திரும்பப் பெறலாம். ஆனால் விமானத்தையும் ரயிலையும் இவ்வாறு இணைப்பதற்கு வழி இல்லை. அந்த இணைப்பை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

அமைத்துக்கொள்ளாததன் விளைவு எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இவ்வூர் அன்பர் ஒருவருக்குத் தந்தை காலமானார் என்ற செய்தி ஒரு குளிர்கால இரவில் வந்தது. சொந்த ஊர் நெல்லைக்கு மேற்கே. கிடைத்த சீட்டை வாங்கினார்: சென்னைக்கு ஒன்று, அங்கிருந்து மதுரைக்கு மற்றொன்று. மூடுபனியால் கல்கத்தாவில் விமானம் நேரங்கழித்துக் கிளம்பிற்று. இரவு ஏழரை மணிக்குச் சென்னையில் இறங்கியபோது மதுரை விமானம் பறந்துவிட்டது. மறுநாள் காலை விமானத்துக்குப் புதிதாகப் பணம் கட்டி, இரவு முழுவதும் நிலையத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மதுரையில் இறங்கிச் சாலை வழியே ஊர் சேர்ந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. அதற்கு மேல் வைத்திருக்க முடியாதென்று பெரியவர்கள் காரியத்தை முடித்துவிட்டார்கள். மூத்த மகன் கொள்ளி வைக்க இயலவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே, சாலைக்கு அப்பால், திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. குன்றின் அடிவாரத்தில் உள்ள அந்தச் சிறு நிலையத்தில் மின்சார வண்டி ஏறினால் நான்காவது நிறுத்தம் தாம்பரம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், பிறகு தாம்பரம்; கால் மணி நேரப் பயணம். எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் விரைவு வண்டிகளில் மிகப் பல தாம்பரத்தில் நிற்கின்றன. இரவு எட்டு மணி முதல் பத்து மணிக்குள் தென் மாவட்டங்களை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் அந்நிலையத்தைக் கடக்கின்றன. பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு போயிருந்தாலும், பொழுது விடிந்து சிறிது நேரத்துக்குள் அவர் நெல்லைச் சந்திப்பில் இறங்கியிருப்பார். விமானத்தில் வந்தவருக்கு ரயிலின் நினைவு வரவில்லை. நினைவூட்டவும் அருகில் ஒருவரும் இல்லை. இதை எண்ணும்போதெல்லாம், இவ்வளவு எளிய செய்தியை நம்மவர் அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மேலிடுகிறது.

ஆகவே, சென்னை வழியாகச் செல்வோர் மூன்று வழிகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, மேற்சொன்ன திரிசூலம்–தாம்பரம் வழி. முன்பதிவு செய்யும்போதே ஏறும் நிலையம் தாம்பரம் என்று குறித்துவிட்டால், எழும்பூர் வரை போய்த் திரும்பும் வீண் அலைச்சல் இல்லை. இரண்டாவது, மெட்ரோ வழி. 2016 செப்டம்பர் 21 முதல் விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அதில் செல்லலாம். மூன்றாவது, பேருந்து வழி. தென் மாவட்ட அரசுப் பேருந்துகளுக்கு 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய் ஏமாறுவோர் உளர். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் தெற்கே இருக்கிறது. கோயம்பேடு வடக்கே இருக்கிறது. திசை தவறினால் இரவும் தவறிவிடும்.

தெற்கே எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதும் ஆராயத் தக்கது. நெல்லைக்கு மிக அருகில் உள்ளது தூத்துக்குடி விமான நிலையம். நெல்லை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் வாகைக்குளத்தில், நெல்லையிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் அது இருக்கிறது. 2025 ஜூலை 26 அன்று அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. ஆயினும், அங்கே செல்லும் விமானங்கள் மதுரையை நோக்கக் குறைவு. மாலையில் ஒன்று தவறினால் மறுநாள் வரை காத்திருக்க நேரலாம். மதுரைக்கு விமானங்கள் கூடுதல். ஆனால் இறங்கிய பின் 150 கி.மீ. தூரம் தரைப்பயணம் மீதி இருக்கிறது. நெல்லைப் பேருந்துகள் மாட்டுத்தாவணியிலிருந்து புறப்படுகின்றன. ரயிலென்றால் மதுரைச் சந்திப்புக்குப் போக வேண்டும். நாகர்கோவில் பக்கத்தாருக்குத் திருவனந்தபுரமே அண்மை. அங்கிருந்து ரயிலில் எழுபது கி.மீ.தான். சொந்த மாநிலத்துக்குள்ளேயே இறங்க வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே தேவையில்லை.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் சீட்டில் ஊர்ப்பெயரை மட்டும் பாராமல் முனையத்தின் எண்ணையும் பாருங்கள். தில்லியில் மூன்றாம் முனையத்துக்கு, 2011-இல் தொடங்கிய விமான நிலைய விரைவு மெட்ரோ புதுதில்லி நிலையத்திலிருந்து செல்கிறது. முதல் முனையத்துக்கோ வேறொரு மெட்ரோ தடம். ஒன்றில் இறங்கி மற்றொன்றுக்குச் செல்லச் சாலைவழியே பயணம் செய்ய வேண்டும். மும்பையிலும் சாந்தாகுரூஸ் பக்கத்து முனையம் வேறு, சஹார் பக்கத்து முனையம் வேறு. போதாததற்கு, 2025 அக்டோபரில் நவி மும்பையில் தனியே ஒரு விமான நிலையமும் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. தாராவியில் இருப்பவர் எது அண்மை என்று பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும்.

நாம் ஊருக்குப் போவதைவிடக் கடினமானது, வயது முதிர்ந்த தாயோ தந்தையோ தனியே நம்மிடம் வருவது. இந்தியும் வங்காளமும் அறியாத ஒரு மூதாட்டி, பெங்களூரிலோ ஐதராபாத்திலோ விமானம் மாறுவதென்றால் எவ்வளவு கலக்கம்! ஐந்நூறு ரூபாய் கூடினாலும் சென்னையில் மாறும் சீட்டையே வாங்குங்கள். அங்கே வழி கேட்கத் தமிழ் போதும். ஒரே பி.என்.ஆர். எண்ணில் வாங்குங்கள். சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று தெரிவித்துவிடுங்கள். நிறுவனத்து ஆளே அழைத்துச் சென்று அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார். பகலில் வந்து சேரும் விமானமாக இருக்கட்டும். நம் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கென்று அவர்கள் கட்டிக்கொண்டு வரும் பொருள்களிலும் கவனம் வேண்டும். ஊறுகாயைக் கையில் எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். அது ஒப்படைக்கும் பெட்டியில் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அந்தப் பெட்டியில் அதற்கு இடமில்லை. உள்நாட்டுச் சாதாரண வகுப்பில் ஒப்படைக்கும் சாமானுக்குப் பெரும்பாலும் 15 கிலோ, கையில் 7 கிலோ என்பதே அளவு. அரிசி முறுக்கும் அதிரசமும் அந்த எடைக்குள் அடங்க வேண்டும்.

சீட்டு வாங்கும் வரிசையும் முக்கியம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. விமானச் சீட்டோ பல மாதங்களுக்கு முன்பே கிடைக்கும். பண்டிகைக் காலத்தில் சென்னைக்குத் தெற்கே ரயிலில் இடம் கிடைப்பதுதான் அரிது. அதை நம்பி இருப்பவர்கள் முன்பதிவு திறக்கும் நாளிலேயே அந்த இடத்தை உறுதி செய்துகொண்டு, பிறகு விமானச் சீட்டை வாங்குவது நலம். கிடைத்தற்கு அரியதை முதலில் பிடிக்க வேண்டும். எளிதாகக் கிடைப்பது எங்கும் போய்விடாது.

எவ்வளவு திட்டமிட்டாலும் இடையூறு வாராது என்று சொல்வதற்கில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதை ஒட்டி, நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் வான் அளவு உயர, அரசு தலையிட்டுத் தூரத்துக்கு ஏற்ற உச்சவரம்பைச் சில காலத்துக்கு விதிக்க வேண்டியதாயிற்று. அந்நாட்களில் ரயில்வே பல வண்டிகளில் கூடுதல் பெட்டிகளை இணைத்தது. வானம் கைவிட்டபோது தண்டவாளம் தாங்கிக்கொண்டது என்று சொன்னால், அதை ரயில்வேக்காரன் பெருமை என்று அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். சீட்டுக்குப் பணம் செலுத்தும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்: கடைசிப் பேருந்து எது, இறங்கும் நிலையம் எது, மாறும் இடத்தில் எத்தனை மணி இடைவெளி, புறப்படும் நிலையத்துக்குச் செல்வது எவ்வாறு, வீட்டை விட்டுக் கிளம்புவது எப்போது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே செலவையும் எழுதுங்கள். அதற்கும் எதிரே, இது தவறினால் வேறு வழி எது என்று எழுதுங்கள். அந்த மூன்றாம் பத்தியில் ஏதேனும் ஒரு வரி வெறுமையாக இருந்தால், அப்பயணத்துக்கு அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். அவசரச் செய்தி வரும் இரவில் இவற்றையெல்லாம் ஆராய நமக்கு அமைதி இராது. அமைதி இருக்கும் ஒரு மாலையில் இத்தாளை எழுதி, வீட்டில் எல்லோரும் அறியும் இடத்தில் வைத்துவிட்டால், வேண்டும் நேரத்தில் அது நம்மை உரிய வாசலில் கொண்டு சேர்க்கும்.